அடைப்புக்குறிக்குள் பதினொன்று புள்ளி நாலு

“பிராக்கெட் போட்டிருந்தா மைனஸ்டி, மக்கு,” என்றாள் சோடாபுட்டி.

அவள் வணிகவியல் வகுப்பு. தடித்த கண்ணாடிக்காக வந்த பெயரைப் பட்டம் வாங்கியவள் மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறவள். பள்ளி மாடிப்படிக்கு அடியில், கால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த மூலையில், இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாக்களை ஓரம் தள்ளிவிட்டு ஒரு புத்தகத்தின் மேல் குனிந்திருந்தார்கள். வழவழவென்ற தாள். அட்டையில் கண்ணைப் பறிக்கும் ஒரு பற்சக்கரம். கியர் செய்கிற கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கை.

“மைனஸ்னா முன்னாடி கோடு போட மாட்டாங்களா?”

“கோடு போட்டா அச்சுல தெரியாமப் போயிடுமாம். அதனால கணக்குல பிராக்கெட். முதல் வாரமே சொல்லிக் குடுத்துடுவாங்க. உங்க சயின்ஸ் க்ளாஸ்ல தவளைய அறுக்க மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

கூட உட்கார்ந்திருந்த அறிவியல் வகுப்புக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.  இலக்கண வகுப்பில் அவள் படித்தது வேறு. அடைப்புக்குறிக்குள் இருப்பது கூடுதல் விளக்கம், அதை விட்டுவிட்டு வாசித்தாலும் பொருள் கெடாது. அப்படித்தான் அவளும் விட்டுவிட்டு வாசித்திருந்தாள்.

பக்கத்தின் அடியில் ஐந்து ஆண்டுகளின் எண்கள் வரிசையாக நின்றன. (4.2), (6.3), 2.1, (8.1), (11.4). எல்லாம் கோடிக் கணக்கில்.

“அப்போ நாலு வருஷம் நஷ்டம்.”

“நாலு வருஷம் நஷ்டம், ஒரே ஒரு வருஷம் லாபம். ஏன்டி உன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?”

அந்த ஒரே ஒரு வருடத்தைத்தான், ஏழு மாதம் முன்னால், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சிலால் சுழித்து, “நடுவுல இந்த வருஷம் மட்டும் கொஞ்சம் சறுக்கல், மத்தபடி ஏறிக்கிட்டே போகுதுப்பா,” என்று அவள் சொல்லியிருந்தாள்.

*

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி கட்டடங்களின் தொண்டைக் குழி அவருக்குத் தெரியும். அந்த கியர் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் லிஃப்ட் ஒன்று உண்டு. அதைப் பராமரிக்கும் வேலை அவர் கம்பெனியுடையது. ஒருநாள் அங்கிருந்து வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தார்.

“எவ்வளவு இரும்பு தெரியுமா? ஒவ்வொரு ஷெட்டும் பஸ் ஸ்டாண்டு மாதிரி. பங்கு நாப்பதுக்கு விக்கிறான். அந்த இரும்ப எடைக்குப் போட்டாலே நூறு தேறும். இரும்பு எங்கேயும் ஓடிப் போகாது பாரு!”

அம்மா சலவைக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாள் முழுக்க நீராவி இஸ்திரியோடு மல்லுக்கு நின்ற கை. மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகளுக்கு மேலே புதியது ஒன்று. இருவர் பெயரிலும் வங்கியில் நாலு லட்சம் இருந்தது, அம்மா பெயரில் தனியாக மூன்று. ஏழும் மகளுக்கு. கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று அவள் எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லி வந்தாள்.

“எனக்குப் பயமா இருக்குங்க. இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றாள் அம்மா.

“நான் சொன்னா நம்பாத. இந்தா, கம்பெனியோட புத்தகமே கொண்டாந்திருக்கேன். எனக்கு இந்தப் பொடி எழுத்து கண்ணுக்கு எட்டாது. நம்ம வீட்டு ஆடிட்டர் பாக்கட்டும். கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்குற புள்ள.”

ஆடிட்டர். அந்த வார்த்தை அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று நினைத்தால் இப்போது காறித் துப்பத் தோன்றுகிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். பின்பக்கத்தில் கலர் பென்சிலால் வரைபடம் வேறு. அம்மா அருகில் வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“நீ நல்லாப் பாத்தியாம்மா?”

“பாத்தேம்மா.”

“உனக்குப் புரிஞ்சுதா?”

“ஐயோ அம்மா, இது வெறும் நம்பர்.”

அவ்வளவுதான். பங்கு நாற்பது விலையில் இரண்டு லட்சத்துக்கு அப்பா வாங்கினார். முப்பத்திரண்டுக்கு வந்ததும், “ஆவரேஜ் பண்ணிடலாம்,” என்று இன்னொரு லட்சம். இருபத்திரண்டு சில்லறைக்கு வந்ததும் மீதி லட்சமும் ஆவரேஜ். விலை இறங்க இறங்க வாங்கிப்போட்டால் சராசரி விலை குறையுமாம். அந்த வார்த்தை வீட்டில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழுந்தது. பால் திரிந்தாலும் ஆவரேஜ், மழையில் துணி நனைந்தாலும் ஆவரேஜ்.

“லிஃப்டு கீழ போச்சுன்னா மேல வந்துதான் ஆகணும்,” என்பார் அப்பா. “இருவது வருஷமாப் பாக்கறேன், அடியிலயே நின்ன லிஃப்டு ஒண்ணு காட்டு.”

இப்போது விலை பதினாலு. போன வாரம் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஏற்கனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வீதம், பன்னிரண்டு விலையில், புதிதாகத் தருகிறார்களாம். உரிமைப் பங்கு என்று பெயர். அப்பாவிடம் இருந்தது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. இருபத்தைந்தாயிரம் வாங்கலாம். கணக்குப் போட்டால் சரியாக மூன்று லட்சம். அம்மா பெயரில் இருக்கிற மூன்று லட்சம், அளவெடுத்துத் தைத்த மாதிரி. கடைசி நாள் திங்கட்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

“நீ ஒரு வார்த்தை சொல்லிடு ஆடிட்டர்,” என்று அப்பா காலையில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். “புத்தகத்தப் புரட்டி ஒரு வார்த்தை.”

அதற்காகத்தான் அவள் புத்தகத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை இன்னும் அழகாகச் சொல்ல வேண்டும் என்று.

*

அன்று, வெள்ளிக்கிழமை, மதியமும் சாயங்காலமும் சோடாபுட்டி அந்தப் புத்தகத்தை மீன் ஆய்வது போல ஆய்ந்தாள். குடலாக வந்து விழுந்தது.

“இந்த ரெண்டு புள்ளி ஒண்ணு லாபம் எங்கேருந்து வந்துச்சு பாரு. ‘இதர வருமானம்’ ஒம்பது கோடி. குறிப்பு பதினேழப் பாருன்னு போட்டிருக்கான். பதினேழுல என்ன? பழைய கோடவுன் நிலத்த வித்திருக்கான். கியர் வித்து வந்த லாபம் இல்லடி. வீட்டுக் கதவ வித்துட்டு சம்பளம் வந்துச்சுன்னு சொல்றான்.”

“சரக்கு இருக்கே. பதினாலு கோடிக்கு சரக்கு கையிருப்பு.”

“ஒரு வருஷத்துக்கு விக்கிறதே இருவத்தி நாலு கோடி. பாதிக்கு மேல கோடவுன்ல தூங்குது. எவனும் வாங்கலன்னு அர்த்தம். துருப்பிடிச்சாலும் புத்தகத்துல அதே விலை.”

“பேங்க்ல பணம்?”

“ஏழு கோடி. மாசத்துக்கு ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைச்சலா கரையுது. எத்தனை மாசம் வரும்? நீதான் தொண்ணூத்தெட்டாச்சே.”

“எட்டு மாசம்.”

“இது அச்சாகி எட்டு மாசம் ஆச்சு.” சோடாபுட்டி கண்ணாடியை மேலே தள்ளினாள். “அதான் உங்கப்பாவுக்கு லெட்டர் போட்டிருக்கான். தொட்டி காலி, தண்ணி ஊத்துங்கறான். அடியில ஓட்டை இருக்கறத மட்டும் சொல்லல.”

அப்புறம் இயக்குநர்களின் சம்பளப் பட்டியல். தலைவர், தலைவரின் மனைவி, தலைவரின் மகன். நஷ்டம் எட்டிலிருந்து பதினொன்றுக்கு ஏறிய அதே வருடத்தில் மூன்று பேருக்கும் சம்பளம் ஏறியிருந்தது. மருமகன் நடத்துகிற இன்னொரு கம்பெனிக்கு வட்டியில்லாமல் மூன்று கோடி கடன். அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் தலைவரின் வண்ணப் படம். கோட்டு, வெள்ளைப் பல், பின்னால் பூச்சாடி. ‘சவால்கள் நிறைந்த ஆண்டில் நம் குடும்பம் ஒன்றாக நின்றது,’ என்று எழுதியிருந்தார். எந்தக் குடும்பம் என்று சொல்லவில்லை.

கடைசியில், பொடியிலும் பொடி எழுத்தில், கம்பெனியின் கணக்கைச் சரிபார்த்த உண்மையான ஆடிட்டர் ஒரு பத்தி எழுதியிருந்தார். கம்பெனி தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் கணிசமான ஐயம் இருக்கிறது.

“இதையாவது படிச்சியா?” என்றாள் சோடாபுட்டி.

“படிக்கல.”

“ஏன்?”

“படம் இல்லாத பக்கம்.”

சோடாபுட்டி புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். 

வழவழப்பான தாளிலிருந்து மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வந்தது.  அந்தப் பல்லையும் பூச்சாடியையும் விட, பின்பக்கத்தில் தன் கையால் வரைந்த கலர் வரைபடத்தைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிகம் கூசியது. நஷ்டத்தை ஏறுமுகமாக வரைந்து, உச்சியில் ஒரு கொடி வேறு நட்டிருந்தாள்.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா அழ மாட்டாள். கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது. முதலில் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். திட்டட்டும், இரண்டு போடட்டும். விண்ணப்பத்தை அவரே கிழித்துப் போட்டுவிட்டால் போதும்.

*

சனிக்கிழமை மதியம், அரைநாள் பள்ளி விட்டு அவள் போனபோது, அப்பா எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் இருந்தார். லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறை. தகரக் கதவு. உள்ளே ஆள் உயரச் சக்கரத்தில் எண்ணெய் பூசின கம்பிக் கயிறுகள். சன்னல் விளிம்பு முழுக்கப் புறா எச்சம், அடுக்கடுக்காக, பழைய பெயிண்ட் மாதிரி. மூலையில் அவர் பை, பக்கத்தில் பாதி தின்ற ரொட்டி.

“வா வா, ஆடிட்டரம்மா நேரடி ஆய்வுக்கு வந்தாச்சா!” என்றார். “படியேறியா வந்தே? நான்தான் லிஃப்ட நிறுத்தி வெச்சிருக்கேனே.”

அவள் மூச்சு வாங்கியது அடங்குவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிராக்கெட், கோடவுன், எட்டு மாதம், ஐயம். “நான் தப்பாப் படிச்சுட்டேம்பா. நாலு லட்சமும் என்னாலதான் போச்சு. அம்மாகிட்ட கையெழுத்து வாங்காதீங்கப்பா, ப்ளீஸ்.” அழுகை மூக்கு வழியாக வந்தது. இத்தனை அசிங்கமாக அழுவோம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அப்பா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. திகைத்த மாதிரியும் தெரியவில்லை. கிரீஸ் அப்பின கையை அவள் தலையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

“சரி சரி. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? அந்தப் பையில டெஸ்டர் இருக்கு, எடு.”

“அப்பா, நான் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. முதல்ல டெஸ்டர எடு. கீழ எட்டு மாடி ஆபீசர்களும் என்னத் திட்டிக்கிட்டு நிக்கறானுங்க.”

அவள் பைக்குள் கையை விட்டாள். டெஸ்டருக்கு முன்னால் அகப்பட்டது அவருடைய சர்வீஸ் சீட்டுப் புத்தகம். எண்ணெய்க் கறை படிந்த அட்டை. கார்பன் வைத்து எழுதுகிற நீளப் புத்தகம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் போய் வந்ததும் ஒரு சீட்டு எழுத வேண்டும்; அதன் நகல் அதிலேயே தங்கும். பாக்கு நிறத்தில் ஒரு சீட்டு மடிந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மேலே கியர் கம்பெனியின் பெயர். அப்பாவின் கையெழுத்து, குட்டை குட்டையாக, எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்தபடி.

‘சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது. பதினாலு மாத சர்வீஸ் பாக்கி (84,000). பணம் வரும்வரை வேலை நிறுத்தம்.’

தேதியைப் பார்த்தாள். அவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வாரம் முந்தியது.

எண்பத்து நாலாயிரத்தைச் சுற்றி அடைப்புக்குறி. அவள் ஒருமுறை பார்த்தாள். இன்னொரு சீட்டைப் புரட்டினாள். பணம் வந்த இடங்களில் எண் வெறுமனே இருந்தது. பாக்கி இருந்த இடங்களில் எல்லாம், ஒன்று விடாமல், அதே சாய்வான இரண்டு வளைவுகள்.

“அப்பா, இது ஏன் பிராக்கெட்ல எழுதியிருக்கீங்க?”

“எது? ஓ, அதுவா. வராத பணம். பாக்கின்னா பிராக்கெட்ல போடணும்னு எங்க ஆபீஸ்ல...”

அங்கே நிறுத்தினார். சக்கரத்தைப் பார்த்தார். புறா ஒன்று சன்னலில் வந்து உட்கார்ந்து, இருவரையும் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போயிற்று.

“உங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

“அட, ஒரு சின்ன பாக்கி. பெரிய கம்பெனின்னா அப்படி இப்படி இருக்கும்.”

“பிராக்கெட்னா என்னன்னு தெரியும். நான் கோடு போட்டுக்கிட்டு இருந்தப்ப பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. ஏறுது ஏறுதுன்னு நான் சொன்னப்ப தலைய ஆட்டினீங்க.”

“நீ அவ்வளவு சந்தோஷமாச் சொன்னே...”

“அப்பா.”

“உங்கம்மா நான் சொன்னா நம்ப மாட்டா!” குரல் தகரக் கதவில் மோதி வந்தது. உடனே தணித்துக்கொண்டார். “நீ சொன்னா நம்புவா. வேற என்ன செய்யச் சொல்றே? இருவது வருஷமா அடுத்தவன் கட்டடத்துலயே ஏறி ஏறி இறங்கறேன். எனக்குன்னு ஒரு தடவ மேல போகக் கூடாதா? அந்த ஷெட்ட நீ பாத்ததில்ல. அவ்வளவு இரும்பு. அது சும்மா போயிடாது. இந்த மூணு லட்சத்தையும் போட்டோம்னா ஆவரேஜ் விலை பத்தொம்பதுக்கு வந்துடும். அப்புறம் கொஞ்சம் ஏறினாப் போதும்.”

“லிஃப்டுக்கு மறுபக்கம் எடை தொங்குதுல்லப்பா? அதனாலதானே மேல வருது? இதுக்கு மறுபக்கம் என்ன தொங்குது?”

அவர் கிரீஸ் கையை பழைய வேட்டித் துணியில் துடைத்தார், விரல் விரலாக, ரொம்ப நேரம்.

“சாயங்காலம் அதையெல்லாம் அம்மாகிட்ட உளறி வெக்காத. உன் தப்பு என்னோட இருக்கட்டும், நான் வெளிய சொல்ல மாட்டேன். நீயும் ஒரு வார்த்தை நல்லாச் சொல்லிடு. சரியா?”

உன் தப்பு என்னோட இருக்கட்டும். ஏதோ உதவி செய்கிற மாதிரி சொன்னார். நேற்றிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டிருந்த பயம் அந்த நிமிஷத்தில் வேறு ஏதோவாகத் திரிந்தது. நாக்கின் அடியில் கசந்தது. அவள் டெஸ்டரை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்ததும், பாக்கு நிறச் சீட்டைக் கிழித்து மடித்து, பள்ளி அடையாள அட்டையின் உறைக்குள் செருகிக்கொண்டாள். எட்டு மாடியும் இறங்கும்போது தலையில் அந்தக் கை இருந்த இடம் கனத்தது.

*

சாயங்காலம் மேசை துடைக்கப்பட்டிருந்தது. விண்ணப்பம், பேனா, புத்தகம். அப்பா குளித்து, தலை வாரி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அம்மா வந்ததும் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா தம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன இன்னைக்கு உபசாரம் பலமா இருக்கு?”

“ஏன், என் பொண்டாட்டிக்கு நான் தண்ணி குடுக்கக் கூடாதா? உக்காரு. ஒரு கையெழுத்துதான். ஆடிட்டர் சொல்லும், கேட்டுக்கோ.”

அம்மா உட்கார்ந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். “சொல்லுடாம்மா.”

அவள் புத்தகத்தைத் திறந்தாள்.  “அம்மா, போன தடவ நான் தப்பாப் படிச்சுட்டேன். இந்த நம்பரச் சுத்தி இருக்கற வளைவு இருக்குல்ல, அது நஷ்டம். அடைப்புக்குறிக்குள்ள நாலு புள்ளி ரெண்டு, நஷ்டம். அடைப்புக்குறிக்குள்ள ஆறு புள்ளி மூணு, நஷ்டம்.” ஒவ்வொன்றாகப் படித்தாள். “அடைப்புக்குறிக்குள்ள பதினொண்ணு புள்ளி நாலு. இதுதான் கடைசி. கம்பெனிகிட்ட இப்ப பணமே இல்ல. அதான் நம்மகிட்ட கேக்கறாங்க.”

 மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“அப்போ நாலு லட்சம்?” என்றாள் அம்மா.

“இப்ப வித்தா ஒண்ணே முக்கால் வரும்.”

“நீ பாத்தேன்னு சொன்னியே.” அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எதற்காக ராத்திரி முழுக்கப் பயந்தாளோ, அது அப்படியே நடந்தது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அந்த இடைவெளியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கும் தெரியும் என்று ஒரே ஒரு வார்த்தை; அடையாள அட்டைக்குள் இருப்பது அங்கேயே இருந்துவிடும் என்று மனசுக்குள் பேரம் பேசினாள்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“சின்னப் புள்ளதானே, விடு. அப்ப தப்பாப் படிச்சான்னா இப்பவும் தப்பாப் படிக்கறாளோ என்னமோ, யாருக்குத் தெரியும்? ஃபீஸ் கட்டற பயம் வேற. அவள நம்பித்தான் நான் போட்டேன், அதுக்காக இப்பத் திட்டவா முடியும்? இப்ப பின்வாங்கினாத்தான் நஷ்டம். நீ கையெழுத்தப் போடு.”

அவள் கழுத்திலிருந்த அட்டையை எடுத்தாள். சீட்டை உருவி, விரித்து, அம்மா முன்னால் வைத்தாள். 

அம்மா மெதுவாகத்தான் வாசிப்பாள். உதடு அசைந்தது. பதினாலு மாதம். பாக்கி. வேலை நிறுத்தம். அப்புறம் தேதி. பிறகு அவள் விரல் எண்பத்து நாலாயிரத்துக்கு வந்தது. இடப்பக்கம் சாய்ந்த இரண்டு வளைவுகளின் மேல் ஓடியது. அதே விரல் புத்தகத்துக்குப் போய்ப் பதினொன்று புள்ளி நாலின் மேல் நின்றது.

“இது உங்க கையெழுத்து.”

“அது சும்மா ஆபீஸ் வழக்கம்...”

“லிஃப்டுக்கே பணம் குடுக்க வக்கில்லாதவன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் புள்ளைய முன்னால உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லியிருக்கீங்க.”

“நான் என்ன வேணும்னேவா...”

“பேசாதீங்க.”

அம்மா விண்ணப்பத்தை எடுத்தாள். கிழிப்பாள் என்று அவள் நினைத்தாள். அம்மா அதைச் சட்டை மடிப்பது போல மடித்தாள். நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி. மடித்து முடித்ததை ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தாள். மேசை ஆட்டம் நின்றது.

“திங்கக்கிழமை இருக்கறத வித்துடுங்க.”

“வித்தா நஷ்டம் உறுதி ஆயிடும்!”

“ஆகட்டும். உறுதி ஆகட்டும்.”

அப்பா எழுந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போனார். போகிற போக்கில், “நேத்து முடியறப்ப அறுபது பைசா ஏறியிருக்கு, அது தெரியுமா உங்களுக்கு?” என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, குளியலறையில் அவள் மூன்றாவது முறையாகத் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். கிரீஸ் போகவில்லை. உச்சியில் முடி கற்றையாக ஒட்டிக்கொண்டு, புளித்த இரும்பு வாடை அடித்தது. கதவு திறந்து அம்மா வந்தாள். கையில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம்.

“ஷாம்புக்கெல்லாம் அது அசையாது. கடையில காலர்க் கறைக்கு இதத்தான் போடுவோம். குனி.”

அம்மாவின் விரல்கள் வேகமாக, கணக்காகத் தேய்த்தன. கண் எரிந்தது. எரிச்சலில் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது வசதியாக இருந்தது.

“மூணும் ஒண்ணே முக்காலும்,” என்றாள் அம்மா. “முதல் ரெண்டு வருஷத்துக்கு வருமா?”

“ஒண்ணரை வருஷத்துக்கு வரும்.”

“மீதிய அப்புறம் பாப்போம். நல்லாப் பாத்துத்தானே சொல்றே?”

“நல்லாப் பாத்துட்டேம்மா.”

குளியலறையின் சின்ன சன்னல் தாழ்வாரத்துப் பக்கம் திறந்திருந்தது. அங்கேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. கைப்பேசியில், கூட வேலை பார்க்கிற யாரிடமோ. அவனும் இவர் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் வாங்கியிருந்தான் போல. தணிந்த குரலில், பாவப்பட்ட மாதிரி, நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

“நான் என்னய்யா பண்றது... எனக்கென்ன கணக்குத் தெரியுமா? என் பொண்ணு புத்தகத்தப் படிச்சுப் பாத்துச் சொன்னா... ஆமா, தப்பாப் படிச்சுட்டா. பெத்த புள்ள, என்ன சொல்றது...”

அம்மாவின் விரல்கள் அவள் தலையில் அப்படியே நின்றன. சோப்பு நுரை காதோரம் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

பிறகு அம்மா எட்டி சன்னலை அறைந்து சாத்தினாள். இன்னும் கொஞ்சம் திரவத்தை ஊற்றி, மறுபடி முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.